பல்லிக்குச் சுவர் கேட்டு வந்தால் என்ன கொடுப்பது?



நம் கடைகளில் சம்பளம் வாங்காமல் இரவுக் காவல் பார்க்கும் ஒரே ஆள் பல்லிதான். விளக்கடியில் ஒட்டிக்கொண்டு பூச்சி பிடிக்கிறது. கொள்முதல் பேசும்போது அது சத்தமிட்டால், நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று ஒரு கணம் யோசிக்கிற பழக்கம் இன்னும் நம்மில் பலருக்கு உண்டு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கிவிட்டுத்தான் வருகிறோம். ஆனால் காசு கொடுத்துப் பல்லி வாங்கி, அதற்குக் கண்ணாடியில் வீடு கட்டி, அந்த வீட்டின் சுவருக்கு என்ன ஒட்டலாம் என்று ஒருவர் நம் கடையில் வந்து கேட்டால், நமக்குச் சிரிப்புத்தான் வரும்.

சிரிப்பதில் தவறில்லை. சிரித்து முடித்தபின் அவருக்கு என்ன எடுத்துக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெருநகரங்களில் மீன் தொட்டி வைத்திருந்தவர்களில் சிலர் இப்போது வெளிநாட்டுப் பல்லி, ஓணான் இனங்களை வளர்க்கிறார்கள். இந்த ஆசை நல்லதா என்பது வேறு கேள்வி. அவர்கள் தேடும் பொருள்களைப் பாருங்கள்: தேங்காய் நார் கால்மிதி, நார்க் கயிறு, சாக்கு, தெர்மோகோல், கார்க் தகடு, ஓடு, கடப்பா கல், சிலிகான் பசை. இதில் எது நம் சங்க உறுப்பினர் எவர் கடையிலும் இல்லாத சரக்கு? மளிகைக் கடையில் பாதி, ஹார்டுவேர் கடையில் பாதி. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்க முடியாது. கேட்ட பொருளை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவது மட்டும் வியாபாரம் அல்ல, “இது எதற்குங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பதே வியாபாரம் என்பது என் கருத்து. உயிருள்ள ஒன்றுக்குப் போகும் சரக்கு என்றால் அந்த ஒரு வார்த்தை கட்டாயம் ஆகிறது.

சுவர் எதற்கு?

வியாபாரிக்குக் கணக்கில் சொன்னால்தான் விளங்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தரை நாலரை சதுர அடி. பின்சுவர் நாலரை சதுர அடி. இரு பக்கச் சுவர்களும் சேர்ந்து இன்னொரு நாலரை. முன்பக்கக் கண்ணாடியை விட்டுவிட்டாலும், ஏறக்கூடிய சுவர் அமைத்தால் அந்த உயிருக்குக் கிடைக்கும் இடம் நாலரையிலிருந்து பதின்மூன்றரைச் சதுர அடியாகிறது. வாடகை ஏறாமல் கடை மூன்று மடங்கு ஆனால் நமக்கு எப்படி இருக்கும்? அதே கதைதான்.

இன்னொரு பயனும் உண்டு. நாலு பக்கமும் வெறும் கண்ணாடியாக இருந்தால் சில ஓணான் இனங்கள் தம் நிழலையே எதிரி என்று நினைத்துச் சண்டைக்கு நிற்கும். வெளியே போக வழி தேடிக் கண்ணாடியை ஓயாமல் பிறாண்டும். மூன்று பக்கம் மறைத்துவிட்டால் அது அடங்கி இருக்கும். ஆக, இது வெறும் அலங்காரம் அல்ல.

முதல் கேள்வி: எந்தப் பல்லி?

எல்லாப் பல்லியும் நம் கடைச் சுவர்ப் பல்லியைப் போலக் கண்ணாடியில் ஏறும் என்று நினைப்பதுதான் முதல் பிழை. நம் வீட்டுப் பல்லியின் விரலடியில் வரிவரியாக மெத்தை உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. டோக்கே என்னும் பெரிய பல்லி இனத்தின் ஒரு பாதத்தில் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிந்திருக்கும். கெல்லர் ஆட்டமும் அவருடன் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகளும் 2000-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் இந்த ஒற்றை மயிரின் பிடியை அளந்து எழுதினார்கள். அதில் பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையே உள்ள இயல்பான ஈர்ப்புதான் அந்தப் பிடி. எனவேதான் வழுவழுப்பான கண்ணாடி அதற்குப் படிக்கட்டு. அதே பல்லி சுண்ணாம்பு உதிரும் சுவரிலிருந்து பொத்தென்று விழுவதும் உண்டு. அதன் பிடி சுவரில் இல்லாமல் உதிரும் பொடியில் இருக்கிறது.

ஆனால் வளர்ப்பவர்களிடம் அதிகம் காணப்படும் சிறுத்தைப் பல்லிக்கு இந்த மெத்தை கிடையாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளின் வறண்ட கல்லுக் காடுகள் அதன் பூர்வீகம். அதற்கு இருப்பது நகம் மட்டுமே. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலிருந்து வந்த தாடி ஓணானுக்கும் நகம்தான். இவை இரண்டும் கண்ணாடியில் ஒரு விரற்கடை கூட ஏறாது. நகம் பதியச் சொரசொரப்பு வேண்டும். அதிலும் சிறுத்தைப் பல்லி தரையை ஒட்டி வாழும் பிராணி. அதற்கு நாலடிச் செங்குத்துச் சுவர் கட்டினால் விழுந்து அடிபடும். தாழ்வான, சாய்வான, படிப்படியான கல்தான் அதற்கு ஏற்றது.

பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் கொண்டைப் பல்லியோ மரத்தில் வாழ்வது. அழிந்தே போனது என்று எண்ணப்பட்டு 1994-இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட இனம் அது. அதற்கு மெத்தையும் உண்டு, கண்ணாடியிலும் ஏறும். அப்படியானால் அதற்குச் சுவர் எதற்கு என்று கேட்கலாம். பகலில் ஒட்டி மறைந்து தூங்க, தெளித்த நீரை நக்கிக் குடிக்க, தோலுரிக்கும்போது உடம்பைத் தேய்த்துக்கொள்ளச் சொரசொரப்பான ஈரச் சுவர் வேண்டும். உரிந்த தோல் விரலில் வளையமாக மாட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

பச்சை இகுவானா என்றால் கதையே வேறு. வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும் பிராணிக்கு எந்தத் தகடும் பாயும் தாங்காது. உறுதியான மரக்கிளையும் பலகையும்தான் வேண்டும். அவரிடம் கால்மிதியை விற்பது அவர் பணத்தைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

பார்த்தீர்களா? “எந்தப் பல்லி?” என்ற ஒரே கேள்வியில் பாதிச் சரக்கு முடிவாகிவிடுகிறது.

இரண்டாம் கேள்வி: ஈரமா, வறட்சியா?

தாடி ஓணான் வெயில் காயும் இடத்தில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பம் கேட்கும். தொட்டி உலர்ந்திருக்க வேண்டும். கொண்டைப் பல்லிக்கு 30 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம் வரை வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த பொருள் மற்றவருக்கு ஆகாது.

வறண்ட தொட்டிக்குக் கல்லும் ஓடும் நல்லவை. நம் கடை அலமாரிகளுக்குப் போடும் கடப்பா கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்ட பக்கம் உதவாது. உடைத்த சொரசொரப்பான பக்கம் வெளியே தெரிய வேண்டும். கல் சூட்டை வாங்கி மெதுவாக விடும். நகத்தையும் இயல்பாகத் தேய்த்துக் கொடுக்கும். ஆனால் எடை அதிகம். மணலின் மேல் கல்லை நிறுத்தி, பிராணி அடியில் மணலைத் தோண்டினால் கல் அதன் மேலேயே சாயும். கல்லின் அடி தொட்டித் தரையில் நேரடியாக உட்கார வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

எடை வேண்டாம் என்பவர்கள் தெர்மோகோலைப் பாறைபோலச் செதுக்கி, ஓட்டு இடுக்கில் பூசும் கிரவுட் கலவையை மூன்று நான்கு பூச்சு பூசுகிறார்கள். வேலை நன்றாகவே வருகிறது. பூச்சில் கஞ்சத்தனம் செய்தால், இரையாகப் போடும் சுவர்க்கோழிப் பூச்சிகள் தெர்மோகோலைக் குடைந்து உள்ளே குடியேறும். பிராணியே கொறித்துத் தின்னவும் செய்யும். சிமெண்டுப் பூச்சு நன்றாகக் காய்ந்து, பலமுறை தண்ணீரில் கழுவிய பிறகுதான் பிராணியை விட வேண்டும்.

ஈரத் தொட்டிக்கு உலகெங்கும் முதல் மதிப்பு கார்க் மரப்பட்டைக்கு. இது ஓக் மர வகை ஒன்றின் பட்டை. உற்பத்தியில் முதலிடம் போர்த்துக்கல் நாட்டுக்கு. மரத்தை வெட்டாமல் 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்து எடுக்கிறார்கள். இலேசானது, எளிதில் மக்காது, நகமும் பதியும், மெத்தை விரலும் பிடிக்கும். விலைதான் கொஞ்சம் கடி. ஒரு எச்சரிக்கை: அறிவிப்புப் பலகைக்கு விற்கும் கார்க் தகடு என்பது கார்க் தூளைப் பசையில் குழைத்து அழுத்தியது, எல்லாத் தகடும் ஈரம் தாங்காது. இரண்டையும் ஒன்று என்று சொல்லி விற்கக்கூடாது.

அடுத்து வருவது நம் ஊர்ச் சரக்கு: தேங்காய் நார். பொள்ளாச்சிப் பக்கத்தை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மட்டையிலிருந்து நாரும், நாரிலிருந்து கயிறும் பாயும், மிச்சமாகும் தும்புத் தூளில் கட்டியும் செய்து கப்பலேற்றுகிறோம். வெளிநாட்டில் பல்லித் தொட்டிக்குத் தரை விரிப்பாகத் தென்னந் தும்புத் தூளைச் சிறு பொட்டலங்களாகப் போட்டு விற்கிறார்கள். நாரில் லிக்னின் என்னும் பொருள் மிகுதி. அதனால் ஈரத்தில் கிடந்தாலும் மெதுவாகத்தான் மக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும். மரத்தில் வாழும் பல்லிக்கு நார்ப் பாய்ச் சுவர் பொருத்தமானது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் எந்த நார்ப் பாய் என்பதில்தான் வியாபாரியின் யோக்கியதை இருக்கிறது. சாயம் போட்ட பாய் தண்ணீர் தெளித்தால் சாயத்தைக் கக்கும். சாயமில்லாத பழுப்பு நாரே வேண்டும். அடியில் பிளாஸ்டிக் ஒட்டிய கால்மிதியில் தண்ணீர் வடியாமல் பூஞ்சணம் பிடிக்கும். நெசவு தளர்ந்து வளையம் வளையமாகத் தொங்கும் பாயில் நகம் மாட்டிப் பிய்ந்துவிடும். அடர்த்தியாக அழுத்திய பாய்தான் சரி. உப்பங்கழியில் ஊறவைத்த மட்டையின் நாரிலும் தூளிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசி வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஒரே அளவில் இரண்டு பாய் வாங்கிக்கொண்டு ஒன்று வெயிலில் காயும்போது மற்றொன்றை மாட்டச் சொல்லுங்கள். நமக்கும் ஒன்றுக்கு இரண்டு விற்கும், அவருக்கும் பூஞ்சணத் தொல்லை இராது. இப்படிப்பட்ட லாபம் வெட்கப்பட வேண்டிய லாபம் அல்ல.

மூன்றாம் கேள்வி: எதை வைத்து ஒட்டப் போகிறீர்கள்?

சுவரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒட்டுவதில் கெடுப்பவர்களே அதிகம். செல்லோ டேப்பின் ஓரம் சற்றே பிரிந்திருந்தாலும் பல்லி அதில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோல் கிழியும். தொட்டிக்குள் டேப் கூடாது. சிலிகான் பசையில் குளியலறைக்கென்று பூஞ்சைக் கொல்லி கலந்து வருவது ஒன்று, கலப்பில்லாதது மற்றொன்று. கலப்பில்லாததைத்தான் கொடுக்க வேண்டும். வாங்கியவர் வினிகர் போன்ற அந்த வாடை முழுதும் போகும் வரை சில நாள் பொறுத்திருக்க வேண்டும். ஓரத்தில் சந்து விடாமல் ஒட்டுவதும் முக்கியம். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைந்த பல்லி திரும்பி வர முடியாமல் அங்கேயே செத்துக் கிடக்கும்.

விளக்கையும் மறக்கக்கூடாது. நாரும் கார்க்கும் எரியும் பொருள்கள். சூடேற்றும் பல்பு அவற்றைத் தொடாமல் தள்ளி இருக்க வேண்டும்; வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும்.

கேட்டாலும் கொடுக்கக்கூடாதவை

உப்புத்தாள் சொரசொரப்பாக இருக்கிறதே என்று கேட்பார்கள். அது பாதத்தையும் வயிற்றையும் தேய்த்துப் புண்ணாக்கும். கம்பி வலையிலும் கொசுவலையிலும் விரல் மாட்டும். வளையம் வைத்த கம்பளத்திலும் அப்படியே.

மளிகைக் கடைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது சாக்கு. “பழைய சாக்கு ஒன்று கொடுங்கள்” என்று கேட்டால் நாம் யோசிக்காமல் உருவிக் கொடுப்போம். அது மிளகாய் வந்த சாக்காக இருக்கலாம். கிடங்குகளில் மூட்டை அடுக்கின் மேல் மாலத்தியான் போன்ற பூச்சிமருந்து தெளிப்பதும் நமக்குத் தெரியாததல்ல. பூச்சியைக் கொல்லத் தெளித்த மருந்தின் மேல், பூச்சியைத் தின்று வாழும் ஒரு சிறு பிராணியை இரவும் பகலும் படுக்க வைப்பதா? போதாததற்குச் சாக்கின் பிசிர் நூல் விரலில் சுற்றி இறுகினால் விரல் அழுகும். சாக்கைக் கேட்டால் இல்லை என்று சொல்லி, காரணத்தையும் சொல்லுங்கள். தொட்டி இருக்கும் இடத்தில் அந்துருண்டையும் எலி பிடிக்கும் பசை அட்டையும் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

உடும்பும் பச்சோந்தியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடித்து வைப்பதே குற்றம். “உடும்புக்குக் கூண்டு” என்று ஒருவர் வாய் தவறிச் சொன்னால், அந்த விற்பனை நமக்கு வேண்டாம். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள அதே சட்டத்தின்படி, சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும். பச்சை இகுவானா அந்தப் பட்டியலில் உள்ளது. அதற்கான பதிவு விதிகள் 2024-இல் வந்துவிட்டன. செல்லப் பிராணிகளையே விற்கும் உறுப்பினர்கள் 2018-ஆம் ஆண்டின் செல்லப் பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பாய் விற்பவருக்கு இந்தப் பொறுப்புகள் இல்லை. இருந்தாலும் வாடிக்கையாளரிடம் “பதிவு செய்துவிட்டீர்களா?” என்று நினைவூட்டுவது நல்லது.

நமக்கு இதில் என்ன?

சில நண்பர்கள் கேட்கலாம்: “ஒரு பாய் விற்றால் கிடைப்பது சொற்ப லாபம், அதற்கு இத்தனை விசாரணையா? கடையில் கூட்டம் நிற்கும்போது பல்லியின் கால் விரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியுமா?” நியாயமான கேள்விதான். வருகிற எல்லோரிடமும் பேசச் சொல்லவில்லை. எந்தப் பல்லி, ஈரமா வறட்சியா, எதை வைத்து ஒட்டுவீர்கள் — மூன்றே கேள்வி, ஒரு நிமிட நேரம். பொருத்தமான சரக்கு நம்மிடம் இல்லையென்றால் அது இருக்கும் பக்கத்துக் கடையைக் காட்டுங்கள். அவர் நாளைக்கு நம் கடையைக் காட்டுவார்.

இன்றைக்கு இணையத்தில் பட்டனை அழுத்தினால் நார்ப் பாயும் கார்க்கும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. விலையில் அவர்களோடு மல்லுக்கட்டி நம்மால் ஜெயிக்க முடியாது. அவர்களுடைய கிடங்கு பெரிது, முதல் பெரிது. ஆனால் அந்தப் படத்துக்கு “எதற்குங்க?” என்று கேட்கத் தெரியாது. சாயம் போட்ட பாயைக் கூடையில் போட்டவரை நிறுத்தி, “ஐயா, இது வேண்டாம், பழுப்பு நாரை எடுத்துக்கொள்ளுங்கள், இது விலையும் குறைவு” என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. நம்மிடம் இருக்கிறார். தலைமுறை தலைமுறையாகப் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, “இது சாம்பாருக்கு ஆகும், வடைக்கு ஆகாது” என்று சொல்லி விற்ற பரம்பரை நம்முடையது. அந்தப் பேச்சுதான் நம் முதலீடு. அதை விட்டுவிட்டு, கேட்டதை எடுத்துக் கொடுக்கும் இயந்திரமாக நாமும் மாறிவிட்டால், இயந்திரத்தோடு போட்டியில் தோற்பது உறுதி.

வாய் பேசாத அந்தப் பிராணி கடைக்கு வந்து புகார் சொல்லப் போவதில்லை. பில்லை நீட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதும் இல்லை. கேட்க ஆளில்லாத இடத்திலும் சரியான சரக்கைக் கொடுப்பவர்தான் நல்ல வியாபாரி. ஆகவே நார்ப் பாய், கயிறு, கல், சிலிகான் விற்கும் உறுப்பினர்கள் அந்த மூன்று கேள்விகளையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப் பெட்டிக்கு மேல் மாட்டி வைக்க வேண்டுகிறேன். கடையில் உள்ள பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். பல்லிக்குச் சுவர் கேட்டு வருபவர் மாதத்துக்கு ஒருவர்தான் வரலாம். அவரிடம் கேட்டுப் பழகிய நாக்கு, மற்ற வாடிக்கையாளர்களிடமும் கேட்கப் பழகிவிடும்.